வீடும் தொழிலும் மொழியும்: திரையில் ஒருபாற் காதலர் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படத்தில் ஒருபாற் காதலர் எவ்வாறு காட்டப்பட்டுள்ளனர் என்னும் வினா மேலைநாட்டுத் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதொன்றாகும். நம்மிடையே அவ்வினா எழும்போது, அது பெரும்பாலும் ஒழுக்கம் பற்றிய வாதமாகவோ, அன்றேல் இன்ன படத்தில் இன்ன பாத்திரம் இடம்பெற்றது என்னும் பட்டியலாகவோ முடிந்துவிடுகின்றது. வாதம் படத்தைப் பார்ப்பதில்லை. பட்டியல் பார்த்ததை எடைபோடுவதில்லை. முன்னர் வில்லனாகக் காட்டினர், பின்னர்க் கோமாளியாகக் காட்டினர், இப்போது நல்லவராகக் காட்டுகின்றனர் என வரிசைப்படுத்தி, இதுவே வளர்ச்சி என அமைதி கொள்வது எளிது. ஆயின் ஒரு பாத்திரம் நல்லதா தீயதா என்பதைக் கொண்டு மாத்திரம் சித்திரிப்பின் தரத்தை அளந்துவிட முடியுமா? தமிழ்ப் படத்தில் காதலுக்குத் தடையாக நிற்கும் கொடிய தந்தைக்கும் ஒரு வீடு உண்டு. ஒரு தொழில் உண்டு. அவர் பேசுவது எந்த ஊர்த் தமிழ் என்பது நமக்குத் தெரியும். ஆகவே அவர் தீயவராயினும் நம்முள் ஒருவர். ஒருபாற் காதலரைத் திரை அவ்வாறு நம்முள் ஒருவராக ஏற்றுள்ளதா என்பதை அறிய, வீடு, தொழில், மொழி என்னும் இம்மூன்றையும் உரைகல்லாகக் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல் பற்றி

முதற்கண் சொல் பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. நமது செய்தித்தாள்களில் நெடுங்காலமாக வழங்கிவந்தது 'ஓரினச்சேர்க்கை' என்னும் சொல்லாகும். 'சேர்க்கை' என்பது உடற்செயல் ஒன்றையே சுட்டுகின்றது. ஆணும் பெண்ணும் கூடி வாழ்வதனை நாம் இல்லறம் என்கின்றோம், காதல் என்கின்றோம், ஊடலென்றும் பிரிவென்றும் அதற்குள் நுண்ணிய வேறுபாடுகள் காண்கின்றோம். அவ்வாழ்வு முழுவதையும் 'ஈரினச்சேர்க்கை' என எவரும் சுருக்குவதில்லை. அண்மைக்காலத்தில் 'தன்பாலீர்ப்பு' என்னும் சொல் பரவலாகியுள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் ஒரு பெண் இணையரின் வழக்கில் எழுந்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, இத்தகையோரை மதிப்புடன் சுட்டுவதற்கான சொற்றொகுதி ஒன்றினைத் தமிழ்நாட்டு அரசு 2022இல் வெளியிட்டமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. இக்கட்டுரையில் 'ஒருபாற் காதல்' என்னும் தொடரே ஆளப்படுகின்றது. தமிழ்ச் சினிமா ஏனைய எல்லாவற்றையும் விடக் காதலையே மிகுதியாகப் பாடி வந்துள்ளமையால், அதே சொல்லை ஈண்டும் ஆள்வது பொருத்தமானதாகும்.

மேலைநாட்டு வரலாறு

உலகத் திரைப்பட வரலாற்றில் இப்பொருள் தொடக்கத்திலேயே சட்டத்தோடு பிணைந்து வந்துள்ளது. ஜேர்மனியில் 1919ஆம் ஆண்டு றிச்சர்ட் ஒஸ்வால்ட் நெறிப்படுத்திய 'ஏனையோரினின்றும் வேறானவர்' என்னும் பொருள்படும் தலைப்பினைக் கொண்ட ஊமைப்படம், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவுக்கு எதிராகவே எடுக்கப்பட்டது. மருத்துவ ஆய்வாளர் மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் அதன் ஆக்கத்தில் பங்குகொண்டு, படத்திலும் தோன்றினார். மிரட்டிப் பணம் பறிப்பவனின் கையில் அகப்பட்ட வயலின் கலைஞன் ஒருவனின் அழிவே அதன் கதை. அடுத்த ஆண்டே பொதுமக்கள் அதனைப் பார்ப்பது தடுக்கப்பட்டது. ஹொலிவூட்டிலோ 1930களிலிருந்து 1968 வரை நிலவிய தயாரிப்பு ஒழுக்கக்கோவை இப்பொருளை வெளிப்படையாகப் பேசவே இடமளிக்கவில்லை. நடையாலும் குரலாலும் உடையாலும் குறிப்பாக உணர்த்தி, ஒன்று சிரிப்புக்கோ அன்றேல் சாவுக்கோ உரியவராக அப்பாத்திரங்களைப் படைக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது. இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்ந்து விற்றோ றூசோ 1981இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகின்றது. 'செலுலோயிட் அலுமாரி' எனப் பொருள்படும் அதன் தலைப்பினைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

பிரித்தானியாவில் 1961இல் வெளிவந்த 'விக்ரிம்' நமக்கு இன்னும் நெருக்கமானது. டேர்க் போகார்ட் நடித்த வழக்கறிஞர் பாத்திரம், தன் மதிப்பும் மணவாழ்வும் குலையும் என அறிந்தும், மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தை எதிர்த்து நிற்கத் துணிகின்றது. அப்படம் வெளிவந்து ஆறு ஆண்டுகளின் பின்னர், 1967இல், இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் தளர்த்தப்பட்டது. ஆயின் அதே பிரித்தானியர் 1883இல் இலங்கைக்கு வகுத்தளித்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் இங்கு அவ்வாறே நிலைத்தன. அதுமட்டுமன்று, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, ஆண்களை மாத்திரம் சுட்டிய 365அ பிரிவு பெண்களையும் உள்ளடக்குவதாக விரிக்கப்பட்டது. இவற்றைத் திருத்துவதற்கான தனியார் உறுப்பினர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் அறிவிக்கப்பட்டும், அது நிறைவேறாமலே 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஒருபாற் காதல் மேலைநாட்டு இறக்குமதி என்போர் நம்மிடையே உளர். இறக்குமதியானது காதலன்று, அதனைக் குற்றமாக்கிய சட்டமே என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்த் திரை: நட்பும் பகையும் நகையும்

தமிழ்த் திரைக்கு வருவோம். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான பற்றினைத் தமிழ்ச் சினிமா வெறுத்தது எனக் கூறின் அது பிழையாகும். அப்பற்றினை அது போற்றியே வந்துள்ளது. கோப்பெருஞ்சோழனோடு நேரிற் காணாமலே கொண்ட நட்பின் பொருட்டுப் பிசிராந்தையார் உயிர்விட்டமை நமது இலக்கிய மரபு உயர்த்திப் பேசும் செய்தி. மணிரத்தினத்தின் 'தளபதி' (1991) முதலாக எத்தனையோ படங்களில் நண்பனுக்காகக் காதலியைத் துறப்பவனும், நண்பனின் மரணத்தில் நிலைகுலைபவனும் கதாநாயகர்களாக விளங்குகின்றனர். இவற்றை ஒருபாற் காதற் படங்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயின் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். இரு ஆண்கள் ஒருவரையொருவர் உயிரினும் மேலாக நேசிப்பதைக் கண்டு நமது அவை கண்ணீர் விடுகின்றது. அந்நேசத்துக்குக் காதல் எனப் பெயரிட்டவுடன் அதே அவை நகைக்கின்றது, அன்றேல் அஞ்சுகின்றது. எனவே தடை உணர்ச்சியின் மீதன்று, பெயரின் மீதே விதிக்கப்பட்டுள்ளது.

பெயரிடப்பட்டபோது நேர்ந்தது என்ன? கௌதம் மேனனின் 'வேட்டையாடு விளையாடு' (2006) இதற்குத் தக்க சான்றாகும். இளமாறன், அமுதன் என்னும் இரு மருத்துவ மாணவர்கள் தொடர் கொலையாளிகள். அவர்கள் ஒருபாற் காதலராயிருத்தல் கதைக்கு எவ்வகையிலும் தேவைப்படவில்லை. அவ்வாறிருந்தும், கதாநாயகனாகிய காவல் அதிகாரி அவ்விருவரையும் எதிர்கொள்ளும்போது அவர்களது உறவையே வசைப்பொருளாக்குகின்றான். கொலையை விட இவ்வுறவே இழிவானது என்னும் தொனி அங்கு ஒலிக்கின்றது. நமது உரைகல்லிற் பார்ப்பின், இவ்விருவரும் ஒன்றாகத் தங்குகின்றனரேயன்றி அவர்களுக்கு நாம் உணரத்தக்க வீடு இல்லை. மருத்துவம் தொழிலன்று, கொலைக்கான கருவி. தமக்குள் அன்புடன் பேசும் மொழியும் இல்லை. அவர்களைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர், அவ்வளவே.

வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) இதனின்றும் வேறுபட்டது. சம்பத் ராஜும் அரவிந்த் ஆகாஷும் நடித்த டானியல், ஜாக் என்னும் இணையர் பிறருக்குத் தீங்கிழைப்பவரல்லர். அவர்களிடையே ஊடலும் பொறாமையும் உண்டு. அவை காதலின் இயல்புகளே. இப்படத்தைப் பாராட்டுவோர் அக்காரணத்தாலேயே பாராட்டுகின்றனர். ஆயின் கோவா என்னும் இடத்தின் தேர்வு உற்று நோக்கத்தக்கது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஓடிவரும் இளைஞருக்கு அது விடுமுறைக் களம். ஊர்விதிகள் செல்லுபடியாகாத இடம். ஊரில் இருக்க முடியாதவர்கள் சுற்றுலாத்தலத்தில் இருக்கலாம், அவர்களைக் கண்டு சிரித்துவிட்டு நாம் வீடு திரும்பலாம் என்பதே அதன் உட்கிடை. வில்லனுக்கு மறுக்கப்பட்ட இரக்கம் இங்கு வழங்கப்படுகின்றது. வீடு மாத்திரம் வழங்கப்படவில்லை.

பெண்மைச் சாயலுடைய ஆணையும், திருநங்கையரையும், ஒருபாற் காதலரையும் பிரித்தறியாது ஒரே கேலிக்குள் அடக்குவதும் தமிழ்த் திரையின் பழக்கமாகும். ஷங்கரின் 'ஐ' (2015) திருநங்கைப் பாத்திரத்தைச் சித்திரித்த முறைக்கு எதிராகத் திருநங்கையர் சென்னையில் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தனர். இதற்கு எதிரான போக்கும் இல்லாமலில்லை. 'பம்பாய்' (1995) படத்தில் கலவரத்தில் வழிதவறிய சிறுவனைக் காப்பாற்றுபவர் ஒரு திருநங்கையே. 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தில் கணவனாகச் சென்றவர் ஷில்பாவாக வீடு திரும்பும்போது, உறவினர் திகைத்து நிற்க, மகன் மாத்திரம் தயக்கமின்றி அவரது கையைப் பற்றிக்கொள்கின்றான். திருநங்கையர் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியதொன்று. ஈண்டு அதனைச் சுட்டுவது, 'வீடு திரும்புதல்' என்னும் நிகழ்வினைத் தமிழ்ச் சினிமா இவ்வளவு காலம் தாழ்த்தியே காட்டியது என்பதனை உணர்த்துதற்பொருட்டு மாத்திரமேயாகும்.

சிங்களத் திரை: பணிமனையில் ஒருவர்

இலங்கையைப் பொறுத்தவரையில், இப்பொருளைத் துணிந்து கையாண்ட முதன்மையான படங்களுள் ஒன்று அசோக ஹந்தகமவின் 'தனி தட்டுவென் பியாபன்ன' (2002) ஆகும். 'ஒற்றைச் சிறகுடன் பறத்தல்' என்பது அதன் பொருள். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்து, வாகனம் திருத்தும் பணிமனையில் உழைத்து, ஒரு பெண்ணை மணந்து குடும்பம் நடத்தும் ஒருவரே அதன் மையப் பாத்திரம். அனோமா ஜனாதரி அதனை ஏற்று நடித்தார். மருத்துவர் ஒருவர் அவரது உடலின் உண்மையை அறிய நேர்ந்ததிலிருந்து, கட்டியெழுப்பிய வாழ்வு ஒவ்வொரு கல்லாகச் சரிகின்றது. இவரைப் பெண்ணை நேசிக்கும் பெண் என்பதா, இன்றைய வழக்கிற் கூறின் திருநம்பி என்பதா என்னும் வினாவுக்குப் படம் விடை கூறவில்லை, கூற வேண்டியதுமில்லை.

இப்படத்தின் சிறப்பு யாது? இவருக்கு ஒரு தொழில் இருக்கின்றது. எண்ணெய்க் கறை படிந்த கைகளும், சக தொழிலாளரோடு பகிரும் பேச்சும், மாலையில் திரும்புவதற்கு ஒரு வீடும் இருக்கின்றன. ஆகையாற்றான் அவை பறிக்கப்படும்போது பறிக்கப்படுவது இன்னதென நாம் அறிகின்றோம். இழப்பதற்கு ஒன்றுமில்லாத பாத்திரத்தின் வீழ்ச்சி நம்மைத் தொடுவதில்லை. பணிமனையிலும் மருத்துவரிடத்திலும் இவர் மீது செலுத்தப்படும் அதிகாரத்தைக் காட்டுவதன் வழி, ஆண்மை என்பது உடலிலன்றிச் சமூகத்தின் ஏற்பிலேயே தங்கியுள்ளது என்னும் கருத்தினைப் படம் நிறுவுகின்றது. பின்வந்த விசாகேச சந்திரசேகரம் 'சயபெதி குசும' என்னும் சிங்களப் படத்தில் இரு ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உறவைக் கதையாக்கினார். இலங்கைத் தமிழ்ப் பாத்திரம் ஒன்று இவ்வகையில் உலக அவையின் முன் நிற்பதற்கு 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

'ஃபனி போய்': இதயமும் நாவும்

ஷியாம் செல்வதுரை கொழும்பிற் பிறந்து, 1983 யூலை வன்செயலின் பின்னர்க் குடும்பத்துடன் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தவர். அவர் 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஃபனி போய்' நாவலைத் தீபா மேத்தா 2020இல் திரைப்படமாக்கினார். திரைக்கதையை இருவரும் இணைந்து எழுதினர். படப்பிடிப்பு இலங்கையில் நடைபெற்றது. ஆர்ஜி என்னும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன், சிறுமியரோடு சேர்ந்து மணப்பெண் விளையாட்டு விளையாடுகின்றான். அதனைக் கண்ட பெரியவர்கள் அவனை அவ்விளையாட்டிலிருந்து விலக்குகின்றனர். வளர்ந்து பாடசாலைத் தோழனாகிய சிங்கள இளைஞன் ஒருவனைக் காதலிக்கின்றான். முடிவில் யூலைத் தீ அக்குடும்பத்தை நாட்டினின்றே விலக்குகின்றது.

இக்கதையின் ஆற்றல் இவ்விரு விலக்கல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததில் தங்கியுள்ளது. நீ இன்ன பக்கத்தில் நிற்க வேண்டியவன் எனச் சிறுவனுக்கு விதிக்கும் குரலும், நீ இந்நாட்டுக்கு உரியவனல்லன் எனக் குடும்பத்துக்கு விதிக்கும் குரலும் வேறுவேறல்ல. இரண்டும் எல்லை வகுப்போரின் குரல்களே. இன ஒடுக்குமுறைக்கு ஆளான குடும்பம் தன் மகன்மீது பிறிதொரு ஒடுக்குமுறையைச் செலுத்துகின்றது என்னும் கசப்பான உண்மையை இக்கதை மறைக்கவில்லை. ஒடுக்கப்பட்டோரிடையேயும் ஒடுக்குவோர் உளர் என்பதைச் சொல்லத் துணிந்த படைப்புகள் நம்மிடம் மிகுதியாக இல்லாமையால், இதனை நாம் பெரிதாகவே மதித்தல் வேண்டும்.

ஆயினும் படம் வெளிவருமுன்னரே கனடாவாழ் தமிழர்களிடமிருந்து கடுமையான எதிர்ப்பு எழுந்தது. முதன்மைப் பாத்திரங்கள் பலவற்றைத் தமிழரல்லாதோர் ஏற்றிருந்தனர். முன்னோட்டத்தில் ஒலித்த தமிழ், தமிழர் காதுக்கே விளங்காததாயிருந்தது. பின்னர்த் தமிழ் உரையாடல்கள் மீண்டும் குரற்பதிவு செய்யப்பட்டன. இதனைச் சிலர் சிறு குறையென ஒதுக்குவர். கொழும்பின் உயர் நடுத்தரக் குடும்பம் வீட்டில் ஆங்கிலம் பேசுதல் இயல்பே என்பதும் உண்மை. எனினும் இக்கதை நிகழும் காலத்தை மறத்தலாகாது. 1983இல் வீதிகளில் மறிக்கப்பட்டோரை, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைக் கூறச் செய்து, அவ்வுச்சரிப்பைக் கொண்டே அவர்தம் இனம் அறியப்பட்டமை பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. நாவின் அசைவினால் உயிர் தீர்மானிக்கப்பட்ட நாட்களைப் பற்றிய படத்தில் நாவே பொய்த்துப்போனால், அதனைச் சிறு குறை எனல் எவ்வாறு?

இதனோடு இன்னொரு முரணும் சேர்ந்துகொண்டது. கனடா தன் சார்பில் இப்படத்தை ஒஸ்கார் விருதின் பிறமொழிப் பிரிவுக்கு அனுப்பியபோது, ஆங்கில உரையாடல் அளவுக்கு மேற்பட்டது எனக் காரணங் கூறி அது ஏற்கப்படவில்லை. தமிழர்க்குத் தமிழ் போதவில்லை. விருதுக் குழுவுக்கு ஆங்கிலம் மிகுந்துவிட்டது. தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996) படத்தையும் இங்கு ஒப்புநோக்கலாம். டில்லியின் கூட்டுக் குடும்பமொன்றில் ஓரகத்தியரான ராதாவும் சீதாவும் கொள்ளும் காதலைச் சொல்லும் அப்படம், 1998இல் இந்தியாவில் திரையிடப்பட்டபோது மும்பையிலும் டில்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. அப்படத்தில் வீடு உண்டு. குடும்பம் நடத்தும் உணவுக்கடையும் உண்டு. ஆயின் மூலப்படத்தில் அம்மாந்தர் பேசியது ஆங்கிலமே. இரு படங்களிலும் இதயம் இருக்கின்றது, நாவு வேறிடத்திலிருக்கின்றது. தமிழ்நாட்டு வணிகப்படங்களிலோ நாவு உண்டு, இதயம் இல்லை. ஒருபாற் காதலர் பற்றிய நமது திரைவரலாற்றின் சிக்கலை இவ்வொரு முரணில் அடக்கிவிடலாம்.

அண்மைக்கால முயற்சிகள்

இம்முரணைக் கடக்க முயன்ற தமிழ்ப் படங்களும் அண்மையில் தோன்றியுள்ளன. இந்திய உயர் நீதிமன்றங்கள் தொடக்கிவைத்த விவாதம், 2018 செப்டெம்பர் 6ஆந் திகதி 377ஆம் பிரிவு தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புடன் ஒரு கட்டத்தை எய்தியதன் விளைவுகளுள் இவையும் அடங்கும். பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) புதுச்சேரி நாடகக் குழுவொன்றினைக் களமாகக் கொண்டு, சாதி மறுத்த காதலையும் ஒருபாற் காதலையும் ஒரே மேடையில் நிறுத்துகின்றது. எந்தக் காதலுக்கு ஊர் அனுமதி அளிக்கின்றது என்னும் வினாவின் இரு முகங்களாக இவற்றைக் கண்டமை இப்படத்தின் தனித்துவமாகும். எனினும் ஒருபாற் காதலர் அங்கு விவாதத்தின் உறுப்பினராகவே நிற்கின்றனர்; கதை அவர்களுடையதன்று.

ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடமை' (2025) கதையையே அவர்களுக்கு அளிக்கின்றது. தன் காதலைத் தாயிடம் சொல்லும் மகள், காதலரை வீட்டுக்கு அழைக்கின்றாள். வருபவர் ஒரு பெண். முற்போக்கானவளெனத் தன்னை நம்பியிருந்த தாய், தன் வாசலில் அக்கொள்கை வந்து நிற்கும்போது தடுமாறுகின்றாள். ரோகிணி ஏற்ற இத்தாயின் பாத்திரமே படத்தின் உயிர். மகளைத் தாய் என்ன சொற்களால் வினவுவாள், மகள் எவ்வாறு விடையிறுப்பாள் என்பதைத் தமிழிலேயே நாம் கேட்க முடிந்தமை சிறிய பேறன்று. இங்கு வீடும் மொழியும் கிட்டிவிட்டன. குறையாக நிற்பது, அவ்வீட்டின் நான்கு சுவர்களுக்கு அப்பால் உலகம் மங்கலாகவே தெரிவதாகும். வசதியும் கல்வியும் படைத்த இல்லத்தில் வாதத்துக்கு நேரம் இருக்கின்றது. வாடகையும் கூலியும் அங்கு குறுக்கிடுவதில்லை.

மூன்றும் ஒருங்கே அமைந்த படத்தைக் காண அயல்மொழிக்கே செல்ல வேண்டியுள்ளது. ஜியோ பேபியின் மலையாளப் படமான 'காதல் - த கோர்' (2023) கேரள ஊரொன்றில் உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கும் ஒருவரையும், அவரிடமிருந்து மணவிலக்குக் கோரும் மனைவியையும் பற்றியது. மம்மூட்டியும் ஜோதிகாவும் அவற்றை ஏற்றனர். அவர் நேசிக்கும் மற்றவர் அதே ஊரில் வாகனம் ஓட்டப் பயிற்றும் எளிய மனிதர். தேவாலயம், கட்சி அலுவலகம், நீதிமன்றம், சமையலறை ஆகிய அனைத்தும் கதைக்குள் வருகின்றன. அக்காதலர் இருவரும் மிகக் குறைவாகவே பேசுகின்றனர். ஆயினும் அவர்கள் வாழும் ஊர் முழுவதும் அவர்களுக்காகப் பேசுகின்றது. மறைவின் விலையை மனைவியும் செலுத்தியுள்ளாள் என்பதை மறவாமை இப்படத்தின் நேர்மைக்குச் சான்றாகும்.

கதவில்லாதோர்

இனி, மேலே குறிப்பிட்ட றூசோவின் நூற்றலைப்புக்கு வருவோம். மறைந்து வாழ்தலை அலுமாரிக்குள் இருத்தலாகவும், வெளிப்படுதலை அதனின்றும் வெளியேறுதலாகவும் உருவகித்தல் மேலைநாட்டு வழக்கு. அவ்வுருவகம் ஒன்றினை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றது: அலுமாரி வைப்பதற்கு ஓர் அறை, அவ்வறைக்கு ஒரு கதவு, அக்கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை. இதுகாறும் நோக்கிய படங்களுட் பலவும் இவ்வறையை உடையோரின் கதைகளே.

ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் செல்லும் பாதைகளின் இருமருங்கிலும் இன்றும் நிற்கும் லயங்களை எண்ணிப் பார்த்தால் இவ்வுருவகத்தின் எல்லை புலப்படும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் கொண்ட குடியிருப்பில் மூன்று தலைமுறையினர் வாழ்கின்றனர். ஒரு காம்பராவின் பேச்சு அடுத்த காம்பராவுக்குக் கேட்கின்றது. காதற் கடிதம் ஒளிப்பதற்கே இடமில்லாத இடத்தில், பெயரிடப்படாத காதலை எங்கே ஒளிப்பது? பிள்ளைகள் கொழும்புக்குக் கடைவேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வீட்டுவேலைக்கும் செல்கின்றனர். வறுமையே அவர்களை அனுப்புகின்றது. ஆயின் சென்றவருட் சிலருக்கேனும், முதன்முறையாகத் தமக்கென ஒரு மூலை வாய்ப்பது வாடகை அறையிலேயாம். கொழுந்து கொய்வோரும் ஆடை தைப்போரும் காதலித்தால் அது எவ்வடிவம் கொள்ளும், மணம் பேசி வீட்டார் அழைக்கும்போது அவர்கள் என் செய்வர் என்பனவற்றைத் திரையிற் காண்பது அரிதாகவே உள்ளது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். சம்பளமும் காணியும் வீடும் தீராப் பிரச்சினைகளாயுள்ள மலையகத்துக்கு இது மேட்டுக்குடியினரின் கவலையன்றோ எனக் கேட்போர் உளர். நமது பல்கலைக்கழகங்களில் முற்போக்கு எண்ணம் கொண்டோரே இதனை மிகுதியாகக் கேட்கின்றனர். வினா நேர்மையானது, விடையும் நேரடியானதே. வீடும் கூலியும் இல்லாமையினாற்றான் இப்பிரச்சினை அங்கு கொடியதாகின்றது. செல்வந்தனுக்குச் சட்டம் 365அ ஓர் அவமானம். கதவில்லாதவனுக்கு அது அன்றாட அச்சம். ஒளிந்துகொள்ள வசதியுள்ளோரின் கதைகளை மாத்திரம் திரை காட்டிவந்தமையாலேயே இது வசதியுள்ளோரின் பிரச்சினையாகத் தோற்றமளிக்கின்றது. தோற்றத்தை உண்மையெனக் கொள்ளுதல் திறனாய்வுக்கு அழகன்று. மேலும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் நாடற்றோராக்கப்பட்டவர்களின் வழிவந்தோர்க்கு, சட்டம் ஒரு மனிதக் கூட்டத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுதல் எத்தகையது என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒரு படம் சட்டத்தை மாற்றிவிடும் என நாம் கூறவில்லை. 'விக்ரிம்' வெளிவந்த பின்னரும் சட்டம் மாற ஆறு ஆண்டுகள் சென்றன. ஆயின் லயத்து இஸ்தோப்பில் குடும்பத்தோடு அமர்ந்து தொலைக்காட்சியில் ஒரு தமிழ்ப் படத்தைப் பார்க்கும் இளையோன் ஒருவனுக்கு, தன்னைப் போன்றவன் கொலைகாரனாகவோ கோமாளியாகவோ மாத்திரமே அறிமுகமாவானாயின், அவன் தன்னைப் பற்றி எண்ணுவதற்கும் பிறர் அவனைப் பற்றி எண்ணுவதற்கும் வேறு சொற்கள் கிடைப்பதில்லை. சொற்களைக் கொடுப்பதே கலையின் முதற்கடன். நாளைய தமிழ்த் திரை, குறிப்பாக இலங்கைத் தமிழ்த் திரை, இவர்களைப் போற்ற வேண்டியதில்லை; இவர்களுக்காக இரங்க வேண்டியதுமில்லை. திரும்பிச் செல்ல ஒரு வீட்டையும், கைகளுக்கு ஒரு தொழிலையும், கோபத்தையும் காதலையும் சொல்ல இவர்களது ஊர்த் தமிழையும் கொடுத்தாற் போதும். அதன் பின்னர் அப்பாத்திரம் நல்லதாயினும் தீயதாயினும் நம்முள் ஒருவரதே என்பது இக்கட்டுரையின் துணிபு.